ரிப்போர்ட் முழுக்க பெர்டினாண்டா வருதே, செஞ்சதே 91 தானே?

பொம்மைப்பட்டறை எழுதினது:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போற ஆளு நான், இன்னைக்குத்தான் மொத பதிவு, தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

நான் 1:35 ஸ்கேல்ல டேங்க் மாடல் செய்றவன். இப்ப ஒரு காட்சி பண்ணலாம்னு இருக்கேன், 1944 ஜூன் கடைசி, பெலாரஸ், ஓர்ஷா பக்கம் மின்ஸ்க் போற ரோடு, பக்ரேஷன் ஆபரேஷன், அதான் சோவியத் படையோட பெரிய தாக்குதல், ஆரம்பிச்ச சமயம். சோவியத் பக்கத்து போர்க்கால ரிப்போர்ட்டுகளோட மொழிபெயர்ப்பு நெட்ல கிடைக்குது இல்லியா, அதை உக்காந்து படிச்சா எங்க பாத்தாலும் பெர்டினாண்ட், அதான் எதிரி டேங்க்கை அடிக்க ஜெர்மன்காரன் செஞ்ச கனரக பீரங்கி வண்டி. காட்டு ஓரத்துல பெர்டினாண்ட் சுட்டுது, ரோட்டு வளைவுல பெர்டினாண்டை கொளுத்தினோம், இப்படியே போகுது. சரி அப்ப காட்சில ஒரு பெர்டினாண்டை வெச்சுடுவோம்னு கிட் பாத்தேன், விலையை பாத்து ரெண்டு நாள் தூக்கம் வரல, அதுக்கப்புறம்தான் வாங்குறதுக்கு முன்னாடி ஒழுங்கா படிச்சுருவோம்னு தோணுச்சு.

படிச்சா தலை சுத்துது. மொத்தமா அந்த வண்டி செஞ்சதே 91 தானாம். 1943 ஜூலை குர்ஸ்க் சண்டையிலயே சுமாரா நாப்பது போயிடுச்சாம். அப்ப மிச்சம் அம்பது வண்டி, பின்லாந்து பக்கத்துல இருந்து கருங்கடல் வரைக்கும் எல்லா ஊர் ரிப்போர்ட்லயும் எப்படி வரும்? பொய் எழுதினாங்களா, இல்ல மொழிபெயர்த்தவன் பண்ண தப்பா? ஓர்ஷால நிஜமா நின்னது என்ன வண்டி? ரிப்போர்ட்ல தப்பா பேரு போட்டிருந்தா அது உண்மையில என்னனு கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, கிட் ஆர்டர் போடாம நிறுத்தி வெச்சிருக்கேன்.

பழையபேப்பர் எழுதினது:

வாங்க வாங்க. நல்லவேளை ஆர்டர் போடல.

பொய்யும் இல்ல, மொழிபெயர்ப்பு தப்பும் இல்ல பாஸ். ரஷ்ய மூலத்துலயே பெர்டினாண்ட்னுதான் இருக்கும். அந்த சொல்லுக்கு அப்ப இருந்த அர்த்தம் வேற, அவ்ளோதான். நம்ம ஊர்ல எந்த கம்பெனி போட்டோகாப்பி மிஷினா இருந்தாலும் ஜெராக்ஸ்தானே, ஜெராக்ஸ் கம்பெனி மிஷினை வாழ்க்கையில பாக்காத கடைக்காரரும் போர்டுல ஜெராக்ஸ்னுதான் எழுதுவாரு. அந்த மாதிரி 1943 ஜூலைக்கு அப்புறம் செம்படை சிப்பாய்க்கு, சுழலுற டரெட் (பீரங்கி இருக்கிற மேல்பெட்டி) இல்லாம முன்னாடி பீரங்கி நீட்டிக்கிட்டு வர ஜெர்மன் வண்டி எதுவா இருந்தாலும் பெர்டினாண்ட். அதுக்கு முன்னாடி 1941, 42 ரிப்போர்ட்டுகளை பாத்தீங்கன்னா இதே ஸ்டுக் 3ங்கிற டரெட் இல்லாத ஜெர்மன் பீரங்கி வண்டியை ஆர்ட்ஷ்டுர்ம்னு எழுதியிருப்பாங்க (ஸ்டூக்கா இல்ல, அது விமானம், ரெண்டையும் குழப்பி இங்கயே ஒரு சண்டை நடந்திருக்கு), குர்ஸ்க் முடிஞ்ச கையோட பேரு மாறிடுது. வண்டி மாறல, பேருதான் மாறிச்சு.

ஏன் இந்த பேரு மட்டும் ஒட்டிக்கிச்சுன்னா, அது வந்த விதம் அப்படி. 65 டன், முன்னாடி 200 மில்லிமீட்டர் கவசம், 88 மில்லிமீட்டர் நீளக்குழல் பீரங்கி. டைகர்ங்கிற கனரக டேங்க் செய்ற டெண்டர்ல தோத்துப்போன போர்ஷே அதுக்காக முன்கூட்டியே செஞ்சு வெச்ச சேசிஸ் வீணா கிடந்துச்சு, அதை எடுத்து பின்பக்கம் ஒரு இரும்புப் பெட்டியை கட்டி பீரங்கி வெச்சதுதான் இது, பேரும் அந்த ஆளோட மொதப் பேருதான், பெர்டினாண்ட் போர்ஷே. 653, 654னு ரெண்டு பட்டாலியனா பிரிச்சு குர்ஸ்க் வடக்குப் பக்கம் பொனிரி ரயில் நிலையம் இருக்கிற ஏரியாவுல இறக்கினாங்க. முன்னாடி இருந்து என்ன அடிச்சாலும் உள்ள போகல. கண்ணிவெடில செயின் அறுந்து நின்னதுதான் ஜாஸ்தி. சண்டை முடிஞ்சதும் சோவியத் அதிகாரிகள் அங்கயே போயி விட்டுட்டுப்போன வண்டிங்களை ஒவ்வொண்ணா அளந்து, எங்க குண்டு பட்டுச்சு, எதனால நின்னுச்சுனு எழுதி வெச்சாங்க, சுட்டும் பாத்தாங்க. எங்க சுட்டா சாகும்னு முன்வரிசை வரைக்கும் சொல்லிக்குடுத்தாங்க. ஆக வண்டியை கண்ணால பாக்காத சிப்பாய்க்கும் பேரு தெரியும். பேரு தெரிஞ்சவன் கண்ணுக்கு எல்லாமே அதுவாத்தான் தெரியும்.

சரி உங்க ஓர்ஷாவுக்கு வருவோம். நான் இப்படித்தான் பாப்பேன்: ரிப்போர்ட்ல இருக்கிற பேரை மொதல்ல கையால மூடிக்கங்க. தேதி, ஊரு, எதிர்ல நின்ன ஜெர்மன் யூனிட் இது மூணையும் மட்டும் பாருங்க. அப்புறம் அசல் வண்டி அந்த தேதில எங்க இருந்துச்சுனு ஜெர்மன் பக்கத்துல தேடுங்க. குர்ஸ்க்குக்கு அப்புறம் 654 தன்கிட்ட மிஞ்சினதை 653கிட்ட குடுத்துட்டு கிளம்பிருச்சு. 653 அந்த வருஷக் கடைசி வரைக்கும் தெற்க, ஜாப்பரோஷியே நிக்கோப்போல் பக்கம். அப்புறம் எல்லாத்தையும் ஆஸ்திரியாவுல இருக்கிற நிபெலுங்கன் ஒர்க்ஸ் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பி முன்னாடி மெஷின்கன் எல்லாம் வெச்சு ரிப்பேர் பண்ணாங்க, பேரையும் எலெஃபண்ட்னு மாத்தினாங்க. 1944ல ஒரு கம்பெனி, 11 வண்டி, இத்தாலிக்கு போச்சு. மிச்ச ரெண்டு கம்பெனி மேற்கு உக்ரைன், தர்னோபோல் பக்கம். பெலாரஸ்ல ஒண்ணுகூட கிடையாது. ஆக உங்க ரோட்டுல நின்னது நூத்துக்கு நூறு வேற ஏதோ.

என்னன்னு கேட்டா ரெண்டு ஆளு மேல சந்தேகம். ஒண்ணு ஸ்டுக் 3, அது போர் முழுக்க பத்தாயிரத்துக்குப் பக்கமா செஞ்ச வண்டி, எல்லா இடத்துலயும் இருந்துச்சு. இன்னொண்ணு நாஸ்ஹார்ன், அதுவும் டேங்க்கை அடிக்கிற ஜெர்மன் பீரங்கி வண்டிதான். வித்தெப்ஸ்க், ஓர்ஷா ஏரியாவுல 519வது கனரக டேங்க் எதிர்ப்பு பட்டாலியன் இருந்துச்சு, அவங்க கையில இருந்தது நாஸ்ஹார்ன்தான். இதுல ஒரு விஷயம் கவனிங்க, நாஸ்ஹார்ன்ல இருந்ததும் பெர்டினாண்ட்ல இருந்த அதே 88 நீளக்குழல் பீரங்கியோட குடும்பம்தான், குண்டும் அதேதான், பெட்டியும் அதே மாதிரி பின்பக்கம்தான். ரெண்டு கிலோமீட்டர் தள்ளி காட்டு ஓரத்துல இருந்து அது சுட்டு சோவியத் டேங்க் டி-34ல விழுற ஓட்டையை அளந்து பாத்தாகூட பெர்டினாண்ட் அடிச்ச ஓட்டை மாதிரியேதான் இருக்கும். ஆனா கிட்ட போய் பாத்தா நாஸ்ஹார்ன் மேல கூரையே கிடையாது, பெட்டியோட தகடு 10 மில்லிமீட்டர், ரைபிள் குண்டை தடுக்கும் அவ்ளோதான். 65 டன் யானைன்னு நெனச்சு பயந்தது 24 டன் தகர டப்பாவை.

கூலிங்கிளாஸ் மணி எழுதினது:

இதே கதைதான் நார்மண்டில டைகருக்கும். அமெரிக்கா சிப்பாய் எழுதின லெட்டர், ரிப்போர்ட், பேட்டி எதை எடுத்தாலும் டைகர் டைகர்னு இருக்கும். ஆனா நார்மண்டிக்கு வந்த டைகர் பட்டாலியன் மூணே மூணு, நாஜிக் கட்சிப் படையான எஸ்எஸ்ஸோட 101, 102, அப்புறம் ராணுவத்தோட 503. முழு பலத்துல இருந்தாலே பட்டாலியனுக்கு 45 தான். மூணும் கான் நகரத்தை சுத்தி பிரிட்டிஷ்காரனும் கனடாக்காரனும் இருந்த பக்கம்தான் நின்னுச்சு. அமெரிக்கா பக்கம் செயிண்ட் லோ ஏரியாவுல நின்னது பான்ஸர் 4, பாந்தர்ங்கிற ஜெர்மன் டேங்க்குகளும் ஸ்டுக்கும்தான்.

குழப்பத்துக்கு காரணம் பான்ஸர் 4 போட்டுக்கிட்ட வேஷம். 1943ல அதுக்கு பக்கவாட்டுலயும் டரெட்டை சுத்தியும் மெல்லிசா தகடு மாட்டினாங்க, ஸ்கர்ட்னு சொல்வாங்க. மாட்டினது சோவியத்காரனோட 14.5 மில்லிமீட்டர் டேங்க் எதிர்ப்பு ரைபிளுக்காக, பஸூக்காவுக்காகன்னு (அமெரிக்காவோட தோள்ல வெச்சு சுடுற ராக்கெட்) நெறைய பேரு தப்பா சொல்றாங்க. ஆனா அதால நடந்தது என்னன்னா சின்ன டரெட் பெரிய உருண்டை டரெட்டா தெரிய ஆரம்பிச்சுருச்சு, சக்கரம் தகடுக்குள்ள மறைஞ்சுருச்சு, ஏற்கனவே நீளக்குழல், நுனில மஸில் பிரேக் (சுடுறப்ப பின்னுதைப்பை குறைக்கிற தடிச்ச மூக்கு). தூரத்துல இருந்து பாத்தா டைகரேதான்.

டைகர் மொத்தமே 1350க்குள்ள, ராஜா டைகர் ஒரு 490 சொச்சம். பான்ஸர் 4 எட்டாயிரத்துக்கு மேல. கணக்கு போட்டாலே எது எதிர்ல வர வாய்ப்பு ஜாஸ்தின்னு தெரிஞ்சுரும்.

ஓரமாநிக்கிறவன் எழுதினது:

எல்லாம் சரி, ஆனா ஒரு டேங்க்கையும் இன்னொரு டேங்க்கையும் வித்தியாசம் தெரியாமயா சண்டைக்கு போனாங்க? 25 டன் பான்ஸர் 4ம் 57 டன் டைகரும் ஒண்ணா? எட்டாங்கிளாஸ் பையன் கேம்ல பாத்த உடனே சொல்றான். பயத்துல உளறியிருக்கானுங்க, இல்லன்னா மெடலுக்காக பெரிய வண்டி பேரை எழுதியிருக்கானுங்க. இதுக்கு போய் இவ்ளோ வியாக்கியானமா.

ரிட்டயர்டு ஹவில்தார் எழுதினது:

தம்பி, கோவிச்சுக்காம கேளுங்க. நான் கவசப்படையில கன்னரா இருந்து ரிட்டயர் ஆனவன். கேம்ல வண்டி தலைக்கு மேல பேரு எழுதி வரும். நெசத்துல வராது.

எங்களுக்கும் வகுப்புல அட்டை காட்டுவாங்க, கருப்பு நிழலா டேங்க் படம், முன்னாடி ஒண்ணு, பக்கவாட்டு ஒண்ணு, பாத்ததும் பேரு சொல்லணும். வகுப்புல நான் நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு. அப்புறம் ராஜஸ்தான்ல ரேஞ்சுக்கு போனோம், ஏப்ரல் மாசம், பகல் பதினொரு மணி, மணல்ல இருந்து காத்து தண்ணி மாதிரி நெளியுது, எதிர்ல ஒரு வண்டி வருது, டி-72 டேங்க்னு அடிச்சு சொன்னேன். கமாண்டரும் ஆமான்னாரு. கிட்ட வந்தா பிஎம்பி, காலாட்படையை ஏத்திட்டுப் போற கவச வண்டி. அது எங்க வண்டி, அன்னைக்கு காலைல அது பக்கத்துல நின்னுதான் டீ குடிச்சேன். யாரும் என்னை நோக்கி சுடல, பயமும் இல்ல, இருந்தும் தப்பா சொன்னேன். ஒரு வாரம் அதை சொல்லிச் சொல்லியே ஓட்டினானுங்க.

நீங்க கேட்ட 25 டன் 57 டன் கணக்குக்கு வரேன். எடையை பைனாகுலர்ல பாக்க முடியாது, அகலத்தைத்தான் பாக்க முடியும். டைகர் அகலம் 3.7 மீட்டர். பான்ஸர் 4 தகடு இல்லாம 2.9, தகடு மாட்டினா 3.3. ஆக வித்தியாசம் 40 சென்டிமீட்டர். ஆயிரம் மீட்டர்ல ஒரு மீட்டர் அகலம்னா அது ஒரு மில்லு, நாங்க அப்படித்தான் அளப்போம். 1500 மீட்டர்ல 40 சென்டிமீட்டர்னா கால் மில்லு சொச்சம். தூரத்தையே குத்துமதிப்பாத்தான் சொல்ற நிலைமையில கால் மில்லை வெச்சுக்கிட்டு யாருங்க வண்டி பேரை சொல்றது? இதுல நார்மண்டின்னா வேலிப்புதரு, பாதி வண்டி மறைஞ்சிருக்கும், தெரியறது டரெட்டும் குழலும்தான். அதுலதான் வேஷமே போட்டிருக்கான்னு மணி சொல்றாரே.

அப்புறம் ரிப்போர்ட் எப்படி எழுதுவாங்கன்னு நெனைக்கிறீங்க. அடிபட்டவன் எழுதறதில்ல. அவன் ரேடியோல கத்துவான், இன்னொருத்தன் குறிப்பான், ராத்திரி ஒரு ஆபிசர் அதை வெச்சு பேப்பர்ல ஏத்துவாரு, மேல போக போக மூணு பேரு சுருக்குவாங்க. "பெரிய டேங்க் மாதிரி இருந்துச்சு" அப்படிங்கிறதுல மொதல்ல அடிபடுறது "மாதிரி"ங்கிற வார்த்தைதான்.

மெடலுக்காக எழுதினவன் இருந்திருப்பான், இல்லைங்கல. எல்லா ராணுவத்துலயும் உண்டு. மேல இருக்கிறவங்களுக்கும் அது தெரியும். ஜெர்மன்காரன்கிட்ட கிழக்குப் பக்க உளவை பாத்த ஆபீஸ், தன்னோட ஆளுங்க அழிச்சோம்னு சொன்ன சோவியத் டேங்க் கணக்கை சுமாரா பாதியா வெட்டித்தான் எடுத்துக்கிட்டாங்க.

ஓரமாநிக்கிறவன் எழுதினது:

சரிங்கண்ணே, பிஎம்பி கதைக்கு அப்புறம் நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. உளறல்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். மெடல் மேட்டரை வாங்கல.

பழையபேப்பர் எழுதினது:

ஹவில்தார் சார் சொன்ன "மாதிரி" மேட்டரை பிரிண்ட் எடுத்து ஒட்டி வெச்சுக்கணும்.

இன்னொரு பொறி இருக்கு, இதுல நானே விழுந்திருக்கேன். 1940, 41 காலத்து நேச நாட்டு கைநூல்ல ஜெர்மன் "மார்க் 5", "மார்க் 6"னு ரெண்டு கனரக டேங்க் வரும். உடனே பாந்தர், டைகர்னு நெனச்சு, ஆகா அப்பவே தெரிஞ்சு வெச்சிருந்தானுங்களான்னு ஒரு பெரிய பதிவு எழுதி அசிங்கப்பட்டேன் (தேடாதீங்க, அழிச்சுட்டேன்). அது ரெண்டும் நாய்பாவ்ஃபார்ட்ஸாய்க்னு ஒரு பழைய பல டரெட் டேங்க். பேருக்கு அர்த்தமே "புதுசா கட்டின வண்டி"தான், என்னன்னு வெளிய தெரியக்கூடாதுன்னு வெச்ச பேரு. செஞ்சது மொத்தம் அஞ்சு, அதுலயும் ரெண்டு சாதா இரும்புல செஞ்ச சோதனை வண்டி, கவசமே கிடையாது. உருப்படியா இருந்த மூணையும் 1940 ஏப்ரல்ல நார்வேக்கு கப்பல்ல கொண்டுபோய் ஆஸ்லோ துறைமுகத்துல இறக்கினாங்க. போட்டோகிராபர் ரெடியா நின்னான். அந்த போட்டோ எல்லாப் பத்திரிகையிலயும் வந்து, ஜெர்மன்கிட்ட இந்த மாதிரி ராட்சச டேங்க் கூட்டம் கூட்டமா இருக்குன்னு லண்டன் வரைக்கும் கவலைப்பட ஆரம்பிச்சாங்க. மூணு வண்டியை வெச்சு.

அப்புறம் நிஜ டைகர் 1942 பின்பாதில லெனின்கிராட் பக்கம், துனிசியா பக்கம்னு வந்ததும் அந்த ரோமன் நம்பரெல்லாம் அசல் ஆளுங்களுக்கு போயிடுச்சு. அதனால மார்க் 6னு பாத்ததும் மொதல்ல ரிப்போர்ட் எந்த வருஷம்னு பாருங்க. 1941ன்னா அது டைகர் இல்ல. இது போதாதுன்னு 1944 பிப்ரவரில ஹிட்லரே பாந்தர் பேருல இருந்து 5ங்கிற நம்பரை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுட்டான், ஆக அதுக்கப்புறம் வந்த ஜெர்மன் பேப்பர்ல நம்பரை வெச்சு தேடினா ஆளு கிடைக்காது. நாஸ்ஹார்னும் இப்படித்தான், மொதல்ல அதுக்கு பேரு ஹோர்னிஸ்ஸ, குளவி. 1944ல காண்டாமிருகமா மாத்தினாங்க.

டீச்சர்கணக்கு எழுதினது:

நான் காலேஜ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்குறேன், டேங்க் பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா வருஷா வருஷம் ஒரு டேங்க் கணக்கு மட்டும் நடத்துவேன், இந்த இழையோட எதிர்ப்பக்கம் மாதிரி இருக்கும்.

பேரை நம்ப முடியாதுன்னு தெரிஞ்சுதான் லண்டன்ல ஒரு குழு பேரையே விட்டுட்டு நம்பரை பிடிச்சாங்க. பிடிபட்ட வண்டிங்களோட சேசிஸ் நம்பர், கியர்பாக்ஸ் நம்பர் எல்லாம் குறிச்சு, வரிசையில எது பெரிய நம்பர், நடுவுல எவ்ளோ இடைவெளின்னு வெச்சு மொத்தம் எத்தனை செஞ்சிருப்பாங்கன்னு கணக்கு போட்டாங்க. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது பாந்தர் சக்கரக் கணக்கு. பாந்தருக்கு ஒரு வண்டிக்கு 32 ரோட் சக்கரம். பிடிபட்ட ரெண்டே ரெண்டு பாந்தர், 64 சக்கரம். ஒவ்வொரு ரப்பர் டயர்லயும் அது எந்த அச்சுல வார்த்ததுன்னு குறி இருக்கும். அதை வெச்சு எத்தனை அச்சு ஓடுதுன்னு மதிப்பிட்டு, ஒரு அச்சுல மாசத்துக்கு எத்தனை டயர் வார்க்கலாம்னு பிரிட்டிஷ் டயர் கம்பெனிகிட்ட விசாரிச்சு, 1944 பிப்ரவரில ஜெர்மனி 270 பாந்தர் செஞ்சிருக்கும்னு சொன்னாங்க. போர் முடிஞ்சு ஜெர்மன் கணக்குப் புத்தகத்தை திறந்து பாத்தா 276.

பசங்ககிட்ட 64 சக்கரம்னு எழுதிட்டு விடை சொல்லாம அஞ்சு நிமிஷம் விடுவேன். ஒருத்தன் கண்டிப்பா "மேடம் ரெண்டு டேங்க்"னு சொல்லுவான்.

இது நடக்கலன்னா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சு பாருங்க, அமெரிக்காக்காரங்க அது வரைக்கும் பாந்தரும் டைகர் மாதிரி தனி பட்டாலியன்ல எங்கயாவது கொஞ்சமா வர வண்டின்னுதான் நெனச்சுட்டு இருந்தாங்களாம். பேரும் புலி சிறுத்தைன்னு ஒரே ஜாதியா இருந்ததோ என்னவோ. மாசம் 270ன்னா அது கொஞ்சமா வர வண்டி கிடையாது.

கூலிங்கிளாஸ் மணி எழுதினது:

டீச்சர் சூப்பர். புலின்னதும் ஞாபகம் வருது, கிங் டைகர், ராயல் டைகர்னு ரெண்டு விதமா இங்கிலீஷ்ல எழுதுறாங்களே, ரெண்டுமே தப்பான மொழிபெயர்ப்பு. ஜெர்மன் பேரு கோனிக்ஸ்டீகர். கோனிக்னா ராஜா, டீகர்னா புலி, பிரிச்சு படிச்சு ராஜா புலின்னுட்டாங்க. ஆனா ஜெர்மன்ல அது ஒரே சொல்லு, நம்ம வங்கப்புலிக்கு அவங்க சாதாரணமா வெச்சிருக்கிற பேரு அதான். சுந்தரவனத்துல இருக்கிற புலி 68 டன் இரும்பா மாறி பெல்ஜியம் காட்டுல பெட்ரோல் இல்லாம நின்னிருக்கு. மேல நானே ராஜா டைகர்னு எழுதியிருக்கேன், பழக்கதோஷம், திருத்தல.

இதே வரிசையில 38 டீ டேங்க்ல இருக்கிற "டீ" டன்னுன்னு நெனச்சு 38 டன் டேங்க்னு எழுதின யூடியூப் அண்ணன் ஒருத்தரு இருக்காரு. அது செக் நாட்டுதுன்னு குறிக்க ஜெர்மன்காரன் போட்ட எழுத்து. வண்டி பத்து டன்னுதான்.

பழையபேப்பர் எழுதினது:

மணி, அதே மாதிரி டி-34/76ன்னு நாம எல்லாரும் கூசாம எழுதுறோமே, அது சோவியத் பேரே கிடையாது. அவங்களுக்கு அது வெறும் டி-34. 76, அப்புறம் ஏ, பி, சின்னு வால் ஒட்டினது எல்லாம் ஜெர்மன் உளவு வகைப்படுத்த போட்டது, போருக்கு அப்புறம் மேற்கத்திய புத்தகத்துல அப்படியே ஏறிடுச்சு. ஜப்பான் பக்கம் இன்னும் கூத்து. டைப் 95, டைப் 97ன்னா அவங்க பேரரசு ஆண்டு 2595, 2597ன்னு அர்த்தம், நம்ம கணக்குல 1935, 1937. அமெரிக்கா கைநூல்ல சில இடத்துல அதை முழுசா 2595ன்னே போட்டுட்டாங்க, படிக்கிறவன் இது வேற புது டேங்க் போலன்னு நெனச்சுக்குவான்.

அப்புறம் வேணும்னே ஏமாத்தின கேஸும் இருக்கு, 1944 டிசம்பர் ஆர்டென்ஸ் சண்டைல எஸ்எஸ் அதிகாரி ஸ்கோர்ஸெனியோட 150வது பான்ஸர் பிரிகேட் அஞ்சு பாந்தருக்கு தகடு வெட்டி ஒட்டி அமெரிக்காவோட எம்-10 டேங்க் எதிர்ப்பு வண்டி மாதிரி ஜோடிச்சு, வெள்ளை நட்சத்திரம் வரைஞ்சு ஓட்டினாங்க. அதை பத்தி தனி இழை இருக்கு, இங்க வேணாம்.

பொம்மைப்பட்டறை எழுதினது:

மக்களே ரெண்டு நாளா வேலை, இப்பத்தான் எல்லாத்தையும் படிச்சேன். ஒரு கேள்வி கேட்டா ஒரு வகுப்பே எடுத்திருக்கீங்க, நன்றி.

பழையபேப்பர் சொன்ன மாதிரி பேரை கையால மூடிட்டு என்கிட்ட இருக்கிற பக்கங்களை மறுபடி படிச்சேன். படிக்கிறப்ப கவனிச்சது, பெர்டினாண்ட்னு வர இடமெல்லாம் ஒரே மாதிரி இல்ல. சில இடத்துல ரோட்டுல டேங்க்கோட டேங்க்கா கிட்ட வந்து சுடுது, காலாட்படையோட ஒட்டிக்கிட்டே வருது. அதெல்லாம் ஸ்டுக்னு எடுத்துக்கிட்டேன், சரிதானே? வேற சில இடத்துல எங்கிருந்து சுட்டாங்கன்னே தெரியாம ரொம்ப தூரத்துல இருந்து வண்டிங்க வரிசையா எரியுது, அப்புறம் போய் பாத்தா ஆள் இல்ல, இடத்தை மாத்திட்டான். அது நாஸ்ஹார்னா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தின்னு தோணுது, 10 மில்லிமீட்டர் தகடை வெச்சுக்கிட்டு ஒரே இடத்துல நிக்க முடியாதே. மொதல்ல படிக்கிறப்ப ரெண்டுமே ஒரே வண்டியா தெரிஞ்சுது.

ஆக முடிவு பண்ணிட்டேன், நாஸ்ஹார்ன். கிட் விலையும் பாதிதான், வீட்டுல சொல்லிட்டேன், சந்தோஷம். காட்டு ஓரம், கிளை வெட்டி மறைச்ச மாதிரி, தூரத்துல கீழ ரோடு.

பழையபேப்பர் எழுதினது:

ரெண்டு ஊகமும் நியாயமாத்தான் இருக்கு. ஆனா தூரத்துல இருந்து சுட்டு மறைஞ்சதெல்லாம் நாஸ்ஹார்ன்னு சொல்லிட முடியாது, இழுத்துட்டுப் போற 88 பீரங்கியாவும் இருக்கலாம், புதருக்குள்ள வெச்சா தரையோட தரையா இருக்கும், கண்ணுக்கே தெரியாது. அந்த இடத்துல செயின் தடம் இருந்துச்சுன்னு எங்கயாவது எழுதியிருக்கான்னு பாருங்க.

பொம்மைப்பட்டறை எழுதினது:

ஒரு பக்கத்துல இருக்கு! "தடம் மட்டும் இருந்தது, காட்டுக்குள் போகிறது"ன்னு ஒரு வரி. அந்த இடத்தைத்தான் பண்ணப்போறேன்.

ரிட்டயர்டு ஹவில்தார் எழுதினது:

நல்லது தம்பி. ஒண்ணு மறந்துடாதீங்க, பெர்டினாண்ட்னா கூரை மூடி, உள்ள ஒண்ணும் செய்ய வேண்டாம். நாஸ்ஹார்ன் மேல திறந்திருக்கும், உள்ள பீரங்கியோட பின்பக்கம், குண்டு அடுக்கு, ரேடியோ, ஆளு எல்லாம் அப்படியே தெரியும். அஞ்சு பேரு க்ரூ. டிரைவர் முன்னாடி உள்ள உக்காந்திருப்பான், தெரிய மாட்டான். மிச்சம் நாலு பொம்மைக்கு பெயிண்ட் அடிக்கணும். கிட் விலை பாதின்னு வீட்டுல சொன்னதை யோசிச்சு சொல்லியிருக்கலாம்.

பொம்மைப்பட்டறை எழுதினது:

ஐயோ சார். நாலு பொம்மை தனி பாக்கெட். இப்பதான் விலை பாத்தேன்.